காரணத்தை அவள் முன்னால் சொல்லுங்கள்

போன மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. நான் வேலை பார்த்த பெண்கள் ஹாஸ்டலில் இப்போது மேட்ரனாக இருக்கும் ஸ்மிதா பேசினாள். சின்னப் பெண், பாவம், குரலே தழுதழுத்தது. "சேச்சி, இந்தப் பேரண்ட்ஸ் வாட்ஸாப் குரூப்பில் ஒரே ரகளை. ரூம்மேட்டின் அப்பா அம்மா என்ன ஜோலி பார்க்கிறார்கள் என்று முதலிலேயே சொல்லணுமாம். உங்க காலத்தில் என்ன செய்தீங்க?" என்று கேட்டாள். பிறகு பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவளுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்ததும் முகம் சூடாகிறது. இந்த வயதிலும் அப்படித்தான் இருக்கிறது.

திருவனந்தபுரத்தில், நாடு முழுக்கப் பெற்றோர்கள் வாயைப் பிளக்கும் ஒரு நிறுவனத்தின் ஹாஸ்டல் அது. பெயர் வேண்டாம். என் கணவர் சாலைத் தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவர் போனபிறகு, தெரிந்தவர் ஒருவர் சொல்லி எனக்கு அங்கே வேலை கிடைத்தது. முதல் சில வருடங்கள் ஸ்டோரில் அரிசி அளந்தேன், பிறகு உதவி மேட்ரன், பிறகு மேட்ரன். பகல் டியூட்டி. சாயங்காலம் கரமனை வீட்டுக்குப் போய்விடுவேன், இரவுக்கு வேறொருத்தி வருவாள்.

மேட்ரன் வேலையில் பாதி, பெற்றோர்களைச் சமாளிப்பது. சேர்க்கை நாளில் விசிட்டர்ஸ் ஹாலில் நின்றால் போதும், பொழுது போவதே தெரியாது. காலையில் பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, நெற்றியில் சந்தனத்தோடு வந்து உட்காருவார்கள். "காலேஜ் பெரிசா, பிராஞ்ச் பெரிசா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "பம்பாயில் கிடைத்தது, ஆனால் ஒரு ரூமில் மூணு பேராம்" என்பார் இன்னொருவர். "டில்லியில் ஏசி உண்டு, கொசுவும் உண்டு" என்பார் மூன்றாமவர். கல்லூரிகளைப் பற்றிப் பேசுவதாகத்தான் முதலில் தோன்றும். கொஞ்சம் கேட்டால் பிள்ளையைப் பற்றி. இன்னும் கொஞ்சம் கேட்டால் எல்லாம் தங்களைப் பற்றித்தான். அந்தப் பிள்ளைகளோ சுவரோரமாக நின்று, போன் சார்ஜ் போட இடம் தேடிக்கொண்டிருக்கும்.

எங்கள் வார்டன் வத்சலா டீச்சர். கெமிஸ்ட்ரி பேராசிரியை. கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, கையில் மூடி கழற்றிய பேனா. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அறை ஒதுக்குவதற்கு அவர் குலுக்கல்தான் போடுவார், ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் சீட்டுகளைப் போட்டு. பணக்காரர், ஏழை, வடக்கு, தெற்கு ஒன்றும் கிடையாது. குலுக்கல் முடிந்த வாரமே, அறை மாற்றித் தரச்சொல்லி விண்ணப்பங்கள் குவியும்.

அதற்கு டீச்சர் ஒரு முறை வைத்திருந்தார். விண்ணப்பத்தில் காரணம் எழுதவே வேண்டாம். பெற்றோர் நேரில் வர வேண்டும். எந்தப் பிள்ளையோடு இருக்க மாட்டேன் என்கிறார்களோ அந்தப் பிள்ளையையும் கூப்பிட்டு உட்காரவைப்பார். அதற்கென்று மேஜையின் வலதுபக்கம் ஒரு நாற்காலி. எல்லா நாற்காலியும் ஒரே உயரம். பிறகு பெற்றோரைப் பார்த்து, "காரணம் இவளுடெ முன்னில் வச்சு பறஞ்ஞோளூ" என்பார். இவள் முன்னாலேயே சொல்லுங்கள் என்று அர்த்தம். சொன்னபிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்து, "மறுபடி?" என்பார், உன் பதில் என்ன என்று. அது பதில் சொன்னதும், பெற்றோரிடம் கடைசியாக ஒரே கேள்வி: "இனியும் வேணோ?" அப்போதும் வேண்டும் என்றால் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். காரணம் நல்லதா கெட்டதா என்று அவர் ஒருநாளும் தீர்ப்புச் சொன்னதில்லை. எல்லாம் முடிந்தபிறகுதான் டீ வரும். டீயை ஊற்றிக் கொடுப்பது என் வேலை.

பாதிப் பேர் அந்த நாற்காலியைப் பார்த்ததுமே கழன்றுகொள்வார்கள். ஒருமுறை ஒரு அப்பா, ரூமில் மீன் நாற்றம் தாங்கவில்லை என்று என்னிடம் வெளியே குதித்தார். உள்ளே போனதும் "காற்றோட்டம் போதவில்லை" என்று மென்று விழுங்கினார். வலதுபக்க நாற்காலியில் இருந்த பெண், "அங்கிள், நான் வெஜிடேரியன். மீன் உங்க மகள் கொண்டுவந்த ஊறுகாய்" என்றாள். அவருக்கு ஊற்றின டீயை அவர் குடித்த வேகத்தில் நாக்கு வெந்திருக்கும்.

அந்த நாற்காலிக்கு எதிரே, டீ பிளாஸ்க்கோடு சுவரோரம் நிற்பதில் எனக்கு ஒரு குஷி இருந்தது. ஊரார் மானம் போவதை ஓசியில் பார்க்கிற குஷிதான், வேறென்ன.

என் மகள் உமாவுக்கு ஏழாம் வகுப்பிலிருந்தே அந்த நிறுவனத்தில்தான் படிக்க வேண்டும். பள்ளியிலிருந்து ஒருமுறை அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். ஏதோ ஒரு லேபில் ராக்கெட்டின் மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள், அன்று பிடித்த பைத்தியம். யார் சிபாரிசும் இல்லாமல், பரீட்சை எழுதி, சீட்டும் வாங்கிவிட்டாள். வடக்கே இன்னொரு பெரிய நிறுவனத்தில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருந்தது. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் வருடம் எல்லோரும் ஹாஸ்டலில் தங்கியே ஆகவேண்டும் என்பது விதி. கரமனையில் வீடு இருந்தாலும் சரிதான். சேர்க்கை நாளில் நான் மேஜை போட்டுச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். உமா என் தம்பியோடு வரிசையில் வந்தாள். பெயர் கேட்டேன், சொன்னாள். சாவியைக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, "அடுத்தது" என்றேன். பின்னால் நின்ற அம்மாக்கள் எல்லாம் பட்டும் பவுனுமாக இருந்தார்கள். நான் ஹாஸ்டலில் தந்த நீலக்கரைச் சேலையில் இருந்தேன். உமா சிரித்துக்கொண்டே போய்விட்டாள். என் தம்பிதான் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

குலுக்கலில் அவளுக்கு வாய்த்த ரூம்மேட் நிவேதா. அவளுடைய அப்பாவுக்குச் சாலைத் தெருவில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம். அம்மா கோமதி, திருநெல்வேலிப் பக்கம் பிறந்து ஆரியசாலைக்கு வாக்கப்பட்டவள். அடுத்த வாரமே வந்துவிட்டாள். நான் தமிழ் பேசுவதைக் கேட்டதும் அவளுக்கு முகமெல்லாம் பல்.

"அக்கா, நீங்க நாஞ்சி நாடா? பேச்சிலயே தெரியுதே! இங்க வந்து மலையாளத்துல மல்லுக்கட்டிட்டு இருக்கேன், கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி நீங்க வந்தீங்க."

அதற்கப்புறம் வரும்போதெல்லாம் எனக்கென்று ஒரு சம்படத்தில் முந்திரிக்கொத்து கொண்டுவந்தாள். கெட்டவள் இல்லை. மனதில் பட்டதைக் கொட்டிவிடுகிற ரகம். மூன்றாவது முறை வந்தபோது, ஆபீசில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பம்பாய்ச் சீட்ட விட்டுட்டு இங்க போட்டோம்க்கா. எதுக்கு? படிப்பு எங்கயும் ஒண்ணுதான். கூட இருக்கவதான் முக்கியம். பெரிய எடத்துப் பிள்ளைக வரும், நாளைக்கு ஒரு தொடர்புக்கு ஆகும், ஒரு சம்பந்தத்துக்கு ஆகும்னு இவுக அப்பா கணக்குப் போட்டாக. கடைசீல பாத்தா, கூட இருக்க பிள்ளைக்க அம்மை இதே ஹாஸ்டல்லதான் என்னமோ வேலையாம். மெஸ்ல பாத்திரம் கழுவுவாளோ என்னமோ. நிவேதா ஒண்ணும் தெளிவாச் சொல்ல மாட்டேங்கா. நீங்க வார்டன்ட்ட சொல்லி நைசா மாத்திக் குடுங்கக்கா. நம்ம ஆளுகளுக்கு நாமதானே செய்யணும்."

எனக்கு வாயடைத்துப் போயிற்று என்று எழுதினால் பொய். வாய் நன்றாகவே திறந்தது. "அப்படியா?" என்றேன். அவளும், "பின்னே?" என்றாள். மேஜை டிராயரில் அவள் கொடுத்த முந்திரிக்கொத்து இருந்தது. காதுமடல் இரண்டும் தீப்பிடித்தது போலிருந்தது. மெஸ்ஸில் வேலை பார்க்கும் சாரதா சேச்சியை இப்படிச் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். என்னையும் என் மகளையும் சொன்னபோது கோபம் வரவில்லை, நாணம்தான் வந்தது. யார் முன்னால், எதற்கு என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

கோமதி எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தை நான்தான் வார்டனிடம் கொண்டுபோனேன். டீச்சர் பெயர்களைப் பார்த்தார். பேனா மூடியைப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மேட்ரன், இது நம்முடெ உமயல்லே? அவளெ விளிக்கணோ?"

நீ சொன்னால் கூப்பிடாமலே முடித்துவிடுகிறேன் என்று பொருள். என்றைக்கும் யாருக்கும் கொடுக்காத சலுகை அது. எனக்குத் திமிர் வந்துவிட்டது. "எல்லாப் பிள்ளைகளையும் விளிக்கிறதுதானே டீச்சர். இவளையும் விளிக்கலாம்" என்றேன்.

உமா லேபிலிருந்து நேரே வந்தாள், விரலெல்லாம் மை. வலதுபக்க நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே கோமதி, பக்கத்தில் நிவேதா. நான் பிளாஸ்க்கோடு என் இடத்தில் நின்றேன். டீச்சர் வழக்கமான வார்த்தையைச் சொன்னார். கோமதி முந்தானையைத் திருகினாள். உமாவின் முகத்தைப் பார்த்ததும் அவளால் அதைச் சொல்ல முடியவில்லை.

"ஒண்ணுமில்ல டீச்சர்... ராத்திரி லைட்டு எரியுது. எம்பிள்ளைக்கு உறக்கம் சரியில்ல."

"மறுபடி?"

"லைட் போட்டுப் படிக்கிறது நிவேதாதான், ஆன்ட்டி," என்றாள் உமா மெதுவாக. "நான் சீக்கிரம் தூங்கிருவேன்."

நிவேதா பட்டென்று எழுந்தாள். "அம்மா, எதுக்குப் பொய் சொல்றே? இவ அம்மா ஹாஸ்டல்ல ஜோலி பாக்கறாங்க, அதுக்குத்தானே மாத்தணும்னு சொல்றே? அவங்க அம்மா இவங்கதான்!" என்று என்னைக் காட்டினாள். "நீ பலகாரம் கொண்டுவந்து குடுக்கிற ஆன்ட்டிதான்!"

கோமதி என் பக்கம் திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, முன்னமே ஒரு வாக்கு சொல்லப்பிடாதா? தெரிஞ்சிருந்தா நான் ஒங்ககிட்டயே வந்து இப்படி..."

அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உண்மையிலேயே வேதனைப்பட்டாள். நான் செய்ததைச் சொல்கிறேன். "மன்னிச்சிக்கிடுங்கம்மா" என்றேன். என்னைவிட இளைய பெண்ணை 'அம்மா' என்று சொல்லி, தலை குனிந்து, என் மகள் பார்த்துக்கொண்டிருக்க நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு? உமா எனக்கு மகளாகப் பிறந்ததற்கா? வாய் தானாகச் சொல்லிவிட்டது. இத்தனை வருடம் பெற்றோர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகின வாய்.

"இனியும் வேணோ?" என்று டீச்சர் கேட்டார். கோமதி, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். டீ ஊற்றினேன். கோமதிக்கு, நிவேதாவுக்கு, டீச்சருக்கு, கடைசியாக உமாவுக்கு. அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நான் டம்ளரைத்தான் பார்த்தேன்.

மற்ற எல்லோருக்கும் விஷயம் அதோடு முடிந்தது. கோமதி அடுத்த முறை வந்தபோது உமாவுக்கும் சேர்த்து ஒரு சம்படம் கொண்டுவந்தாள். பிள்ளைகள் இரண்டும் முன்னைவிட ஒட்டிக்கொண்டன. எனக்குத்தான் முடியவில்லை. மெஸ்ஸில் உமா வரிசையில் வந்தால் நான் கறிப் பாத்திரத்துக்குள் பார்ப்பேன். வராந்தாவில் எதிரே வந்தால் நோட்டீஸ் போர்டைப் படிப்பேன், அதில் போன வருடத்து நோட்டீஸ் இருந்தாலும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால், தேங்காய் துருவுகிறேன் என்று முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வேன். "அம்மா, எந்து பற்றி?" என்று கேட்டாள், இரண்டு மூன்று தடவை. என்ன ஆச்சு என்று கேட்கக்கூட இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மலையாளம்தான் முதலில் வரும். ஒன்றுமில்லை என்றேன்.

அந்தச் சமயத்தில் வடக்கேயிருந்து தகவல் வந்தது. காத்திருப்போர் பட்டியல் நகர்ந்து, உமாவின் பெயர் மேலே வந்துவிட்டது. அந்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும். உமா போனை என்னிடம் காட்டிவிட்டு, "நான் போகலம்மா. எனக்கு இங்கதான் வேணும். அடுத்த வருஷம் அந்த ராக்கெட் லேபுல எடுத்துக்கறேன்னு சார் சொல்லிட்டாரு" என்றாள். அவள் குரலில் அத்தனை சந்தோஷம். நான் சந்தோஷப்பட்டிருக்கலாம். விசிட்டர்ஸ் ஹாலில் அத்தனை காலம் கேட்ட பேச்செல்லாம் எனக்குள் ஊறிக் கிடந்ததோ என்னவோ, நானும் கல்லூரிகளை எடைபோட ஆரம்பித்தேன். அங்கே பிளேஸ்மெண்ட் நல்லது, ஹாஸ்டல் புதிது என்று என்னென்னவோ சொன்னேன். அவள் மறுத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"அங்க போனா நீ யாருக்க மகள்னு ஒருத்தருக்கும் தெரியாது, கேட்டியா?"

உமா போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு நாள் கழித்து என் மேஜையில் ஒரு விண்ணப்பம் இருந்தது. ஹாஸ்டலையும் நிறுவனத்தையும் விட்டு விலக அனுமதி வேண்டி, உமா எழுதியது. அதை வார்டனிடம் கொண்டுபோவதும் என் வேலைதான், கொண்டுபோனேன். டீச்சர் படித்தார். உமாவை அழைக்கச் சொன்னார். அவள் வந்து பெற்றோர் உட்காரும் பக்கம் உட்கார்ந்தாள்.

"ஆரெக் குறிச்சாணு காரணம்? ரூம்மேட்டா?" யாரைப் பற்றிய காரணம் என்று டீச்சர் கேட்டார்.

"இல்ல டீச்சர். மேட்ரன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு பேனாவால் வலதுபக்க நாற்காலியைக் காட்டினார். பிளாஸ்க்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரே இருப்பவர் முகம் இத்தனை கிட்டத்தில் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"இவருடெ முன்னில் வச்சு பறஞ்ஞோளூ."

உமா அழவில்லை. "எங்கம்மாவுக்கு என்னைப் பாக்க நாணமா இருக்கு டீச்சர். கோமதி ஆன்ட்டி சொன்னது எனக்கு அன்னிக்கே போயாச்சு. அம்மாவுக்குப் போகல. என் முகத்தப் பாக்கவே மாட்டேங்கறாங்க. எனக்கு இந்த இடம் விட்டுப் போக இஷ்டமே இல்ல. ஆனா நான் இங்க இருக்கிற வரைக்கும் அம்மா இப்படித்தான் தல குனிஞ்சு நடப்பாங்க. அதப் பாத்துக்கிட்டு என்னால படிக்க முடியாது."

"மறுபடி, மேட்ரன்?"

எத்தனை பிள்ளைகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்னென்ன பதில் சொல்லியிருக்கிறார்கள். மீன் நாற்றப் புகாருக்கு ஆளான பெண்ணிடம்கூட ஒரு பதில் இருந்தது. அப்படியெல்லாம் இல்லை, நீ என் கண்மணி, இங்கேயே இரு என்று நான் சொல்லியிருந்தால் அவள் இருந்திருப்பாள். அதற்கு அவளை நிமிர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். "சரிதான் டீச்சர்" என்றேன். அவள் சொன்னது உண்மைதான் என்ற அர்த்தத்தில் சொன்னேன். அவள் எப்படி எடுத்துக்கொண்டாளோ.

டீச்சர் உமாவைப் பார்த்து, "இனியும் வேணோ?" என்றார். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. அவரிடம் அதை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். உமா என் பக்கம் திரும்பினாள் என்பது தெரிந்தது. காத்திருந்தாள் என்பதும் தெரிந்தது. நான் பிளாஸ்க்கின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேணும் டீச்சர்," என்றாள்.

கையெழுத்தானது. அன்று டீ ஊற்ற டீச்சர் என்னை விடவில்லை, தானே ஊற்றினார். யாரும் குடிக்கவில்லை.

விலகிப் போகிற பிள்ளையின் அறையை மேட்ரன் பார்த்துச் சரி சொன்னால்தான் வெளியே விடுவார்கள். உமா முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். நிவேதா தன் கட்டிலில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள். எந்தப் பிள்ளை போனாலும் எப்படிப் பார்ப்பேனோ அப்படித்தான் பார்த்தேன். கட்டில் ஆடுகிறதா, மெத்தையில் கறை உண்டா, மேஜை டிராயர் பூட்டுகிறதா, ஃபேன் சுற்றுகிறதா, வாளியில் விரிசல் உண்டா. எல்லாம் சரியாக இருந்தது. பெருக்கித் துடைத்து வைத்திருந்தாள். பேனாவை எடுத்தேன்.

"அம்மா," என்றாள் உமா. "கட்டிலப் பாத்தாச்சு, மேசயப் பாத்தாச்சு, வாளியக்கூடத் தூக்கிப் பாத்தாச்சு. என்னையும் ஒருக்க பாத்துட்டு ஒப்புப் போடு."

பார்த்தேன். சிரிக்க முயன்றுகொண்டு நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. என்னால் பார்த்துக்கொண்டே நிற்க முடியவில்லை. குனிந்து கையெழுத்துப் போட்டேன்.